வயிற்றுக்குள் ஒரு வாசல்

(பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு. நற்செய்தி: மாற்கு 5:21-43. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இறந்துபோகிறாள். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள். ஒப்பாரி தொடங்கிவிட்ட வீட்டுக்குள் ஆண்டவர் நுழைகிறார். பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். அவள் எழுந்து நடக்கிறாள். இந்தப் பகுதிக்கு மறையுரை வைக்கும் நாங்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நிறுத்தினேன். ஆனால் மாற்கு நிறுத்தவில்லை. எல்லாரும் மலைத்துப்போய் நிற்கும்போது, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னதாக எழுதிவிட்டுத்தான் அந்த நிகழ்ச்சியை முடிக்கிறார்.

உயிரையே திருப்பித் தந்தவருக்கு அந்தப் பிள்ளையின் பசியையும் சேர்த்துத் தீர்த்துவிடுவது பெரிய காரியமா? அவர் அதைச் செய்யவில்லை. அடுப்படியைத் தாயிடமே விட்டுவிட்டார். அந்தத் தாய் என்ன கொடுத்தாள் என்று நற்செய்தியில் இல்லை. கலிலேயக் கடலோரம்தானே, மீனும் அப்பமும் கொடுத்திருப்பாள் என்று எங்கள் மீனவப் பெண்கள் அடித்துச் சொல்வார்கள். நோயில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு முதலில் கஞ்சிதான் கொடுத்திருப்பாள் என்பது என் எண்ணம்.

கொடுத்த சாப்பாடு உள்ளே போய் என்ன ஆனது? கோயிலில் பேசுகிற பேச்சா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

நான் பணியாற்றுவது பழவேற்காடு ஏரிக்கரையில். தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்கும். அந்த வாயை மணல் அடைத்துவிட்டால் ஏரிக்கு மூச்சு முட்டும். தண்ணீர் உள்ளே வரவும் வேண்டும், வெளியே போகவும் வேண்டும். அப்போதுதான் மீன் இருக்கும், இறால் இருக்கும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். நம் வயிற்றுக்குள்ளும் இப்படி ஓர் ஏற்ற இறக்கம் நாள்தோறும் நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஒரு பிடி சோறும் மடவை மீன் குழம்பும் வாயில் வைக்கிறீர்கள். வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் ஒரு நொதி சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரைப்பைக்குப் போனதும் அங்கே கடுமையான அமிலம். மீனின் புரதம் அதில் குலைந்துபோகும். அந்த அமிலம் இரைப்பையையே தின்றுவிடாதபடி உட்சுவரில் வழவழப்பான பூச்சு ஒன்று காக்கிறது. வயிற்றில்தான் உணவு உடம்போடு சேருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இரைப்பை ஒரு அரவைக் கூடம் மட்டுமே. அரைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் குழம்பின் எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரிக்கும். கணையத்தின் நீர் மற்ற எல்லாவற்றையும் உடைக்கும். இத்தனை உடைப்புக்குப் பிறகுதான் உணவு உடம்புக்குள் நுழைய முடியும்.

நுழையும் இடம் சிறுகுடலின் உட்சுவர். அந்தச் சுவர் வழுவழுவென்று இருப்பதில்லை. மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் விரல் போன்ற நீட்சிகள். அந்த விரல்களின் மேல் இன்னும் நுண்ணிய மயிர்கள் போன்றவை. பெரிய வலையை மடித்துச் சிறிய படகில் அடுக்கி வைப்பதில்லையா, அதுபோல. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் புதிதாக அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் கட்டிக்கொடுத்தார்களே சிறிய வீடு, ஏறக்குறைய அந்த வீட்டின் தரை அளவு. எனக்கு இந்தக் கணக்கே பிடித்திருக்கிறது. ஒரு குடும்பம் பிழைக்கும் இடம் ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரின் உயிரணுக்களோ மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இன்றைய சாப்பாட்டை வாங்கிக்கொள்ளும் அணுக்கள் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு இருக்க மாட்டா.

இனி அந்த ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். வளர்ந்த ஒருவரின் சிறுகுடலுக்குள் ஒரு நாளில் எட்டு ஒன்பது லிட்டர் நீர் வருகிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு லிட்டர் போல இருக்கும். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் தானே சுரப்பது என உடம்பே கொட்டுவது. அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் அளவுதான். இந்தத் திரும்ப உறிஞ்சும் வேலை கெட்டுப்போனாலோ, சுரப்பது அளவு மீறினாலோ, அதற்குப் பெயர்தான் வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போவது நேற்றுக் குடித்த தண்ணீர் அல்ல. அது இரத்தத்திலிருந்து வந்த தண்ணீர். கைக்குழந்தையின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடும்? சில மணி நேரத்தில் கண் குழிவிழுந்துவிடும்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு குழந்தையின் முகம் வந்து நிற்கிறது. குருப்பட்டம் பெற்று முதல் ஆண்டு. இதே கடற்கரையின் வேறொரு குப்பத்தில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குப் பேதி, வந்து மந்திரியுங்கள் சாமி என்று கூப்பிட்டார்கள். போனேன். குழந்தை உதடு உலர்ந்து, தண்ணீர்க் குடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. தாய் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் போனாள். பாட்டி தடுத்தாள். "தண்ணி குடுத்தா இன்னும் போவும். வயித்தைக் காயப் போட்டாத்தான் நிக்கும்" என்றாள். தாய் என்னைப் பார்த்தாள். படித்தவர், சாமியார், ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். பெரியவர்கள் சொல்வதைக் கேளம்மா என்றேன். தலையில் கைவைத்துச் செபித்துவிட்டு வந்துவிட்டேன். தத்துவமும் இறையியலுமாக அத்தனை ஆண்டு படித்திருந்தேன். இது எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியுமுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கத் திருப்பலியில், ஆண்டவர் தம் தோட்டத்துப் பூவைத் தாமே பறித்துக்கொண்டார் என்று பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சிலர் சொன்னார்கள். சில வாரம் கழித்து, செவிலியராக இருந்த அருள்சகோதரி ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "தண்ணீர் கொடுத்தீர்களா, ஃபாதர்?" அந்தப் பூ உவமையை அதற்குப் பிறகு எந்த அடக்கத்திலும் நான் சொன்னதில்லை.

பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். வெறும் தண்ணீர் கொடுத்தால் குழந்தைக்கு நிற்காமல் போவது உண்மைதான். குடல் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. வெறும் உப்புத் தண்ணீரும் உதவாது. குடல் வீங்கிக் கிடக்கும்போது தண்ணீர் நுழையும் வாசல்கள் பலவும் அடைபட்டுப்போகின்றன. ஆனால் ஒரு வாசல் அடைபடுவதில்லை. காலராவிலும்கூட அது திறந்தே இருக்கிறது. அந்த வாசலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: உப்பு தனியாக வந்தால் திறக்காது, சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் சேர்ந்து வரவேண்டும். உப்பின் சோடியம் இரண்டு துகள், குளுக்கோஸ் ஒரு துகள், இப்படிக் கைகோத்து வந்தால் உள்ளே விடும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ஆண்டவர் தம் சீடர்களைத் தனித்தனியாக அனுப்பாமல் இருவர் இருவராக அனுப்பியது எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிவியலார் 1960இல் பிராகா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்த வாசலைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னார்.

பதினோரு ஆண்டு கழித்து அந்த அறிவு நம் நாட்டு மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. 1971. வங்காளதேசப் போர். எல்லை தாண்டி இலட்சக்கணக்கில் அகதிகள். மேற்கு வங்காளத்தின் பன்கான் ஊர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் கட்டில் இல்லாமல் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளந்து தண்ணீரில் கலந்து, குழாய் வைத்த பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளியோடு வந்த தாயும் அண்ணனும் குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். முகாம்களில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தக் கரைசல் குடித்தவர்களிடையே அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு அரசு பத்ம விபூஷண் அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவருடைய மருந்தை நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்த கைகள் மருத்துவரின் கைகள் அல்ல, தாய்மாருடைய கைகள். யாயிர் வீட்டு அடுப்படிக்கும் பன்கான் டிரம்முக்கும் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை.

இந்தக் கதையில் நம் ஊர்ச் சோற்றுக்கும் பங்கு உண்டு. நாம் உண்ணும் மாவுச்சத்து முழுவதும் சிறுகுடலில் செரித்துவிடுவதில்லை. ஒரு பகுதி செரிக்காமலேயே பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களோடு சேர்ந்து பெருங்குடலும் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலோடு செரிக்காத வகை மாவுச்சத்தைச் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது போக்கு குறைந்தது. 2000இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்தியது சோள மாவு. சோறு ஆறிக் கிடந்தாலும் இந்த வகை மாவுச்சத்து அதில் கூடுகிறது. பழையதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். அதற்காக, பேதியாகும் குழந்தைக்குப் பழையசோறு போடச் சொல்கிறேன் என்று யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அப்போதே வடித்த கஞ்சிதான் குழந்தைக்கு.

சரி, வீட்டில் என்ன செய்வது? பொட்டலமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். சிறந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம் பாதித் தண்ணீர் என்று கண்மதிப்பில் பிரிக்க வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் டீ ஸ்பூனால் தலைதட்டி ஆறு சர்க்கரை, அரை உப்பு.

அளவை மீறாதீர்கள். போன மாதம் ஒரு பாட்டி என்னிடம் கேட்டாள், உப்பு நல்லதுன்னா ரெண்டு கை அள்ளிப் போட்டா என்ன சாமி என்று. மீனுக்கு அள்ளி உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். "கருவாடு ஆவும்" என்றாள். ஏன்? "உப்பு தண்ணியை இழுத்துடும்." குழந்தையின் குடலிலும் அதேதான் நடக்கும். உப்பு கூடினால் உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். அளவு மீறிய சர்க்கரையும் இழுக்கும். அதனால்தான் கடையில் விற்கும் கலர் பாட்டில்களைப் பேதிக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன். நம் குப்பங்களில் கிணற்று நீரே பல இடங்களில் கரிக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் கரைத்தால் கணக்கு தவறிவிடும். நல்ல தண்ணீராகப் பார்த்து எடுங்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் போல, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் கொடுங்கள், இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற குழந்தையாக இருந்தால் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நான் சொன்னேனே, குடல் சுவர் சில நாளுக்கொருமுறை புதிதாக முளைக்கிறது என்று. பட்டினி போட்டால் எதைக்கொண்டு முளைக்கும்? துத்தநாக மாத்திரை தருவார்கள், பேதி நின்றுவிட்டதென்று விட்டுவிடாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ ஒரு நொடியும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். போகிற வழியெல்லாம் பாலோ கரைசலோ கொடுத்துக்கொண்டே போங்கள்.

குடல், மலம், பேதி என்று பீடத்திலிருந்து பேசலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருப்பார்கள். இது பழைய கேள்வி. இரண்டாம் நூற்றாண்டில் வாலண்டினுஸ் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். இயேசு உண்டார், குடித்தார், ஆனால் அவர் உடலிலிருந்து எதுவும் கழிந்து வெளியேறவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அலெக்சாந்திரியா நகர் கிளமென்ட் வழியாக அந்தத் துணுக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. மரியாதையாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் அந்த வழியிலேயே போனால் ஆண்டவருக்கு மெய்யான உடலே இல்லை என்ற இடத்தில் போய் முடியும். அதைத் திருச்சபை ஏற்றுக்கொள்ளவில்லை. வாய்க்குள் போவது வயிற்றுக்குப் போய்க் கழிப்பிடத்துக்குப் போகிறது என்று மாற்கு 7ஆம் பிரிவில் ஆண்டவரே கூச்சமில்லாமல் பேசுகிறார். உயிர்த்த பிறகு, தாம் ஆவியல்ல என்று காட்ட அவர் செய்ததும், சீடர்கள் கண்முன்னே மீன் துண்டு வாங்கித் தின்றதுதான்.

இன்னொன்று. பசித்த கூட்டத்தின்மேல் ஆண்டவர் பரிவுகொண்டார் என்று நாம் தமிழில் வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே நிற்கும் சொல் 'ஸ்ப்ளாக்னா' என்பதிலிருந்து பிறந்தது. குடல், உள்ளுறுப்புகள் என்று அதற்குப் பொருள். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பெற்ற வயிறு பற்றி எரியுதே என்று அந்தக் குழந்தையின் தாய் கல்லறையில் கதறியபோதுதான் அந்தக் கிரேக்கச் சொல் எனக்குப் புரிந்தது.

மழைக்காலம் வரப்போகிறது. ஏரியில் வெள்ளம் ஏறும், குடிநீரில் கலப்பு வரும், குப்பத்துக்குக் குப்பம் பேதியும் வரும். எங்கள் பங்கு இல்லத்தில் முன்வாசல் அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வைத்திருக்கிறோம். உபதேசியார் வீட்டிலும் உண்டு. கலக்கத் தெரியாதவர்கள் கேளுங்கள், கலந்து காட்டுவோம். எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்று கேட்க மாட்டோம். இரவு எத்தனை மணியானாலும் கதவைத் தட்டுங்கள்.